வேப்பங்கட்டையில் ஸ்டாண்டு: செயின்சா வலப்பக்கமாகவே ஓடுகிறது, கட்டையும் வெடிக்கிறது

குடியாத்தத்துக்காரன்:
வணக்கம். கொல்லையில் சாய்ந்த வேப்பமரத்தின் அடித்துண்டு ஒன்று கிடக்கிறது. குறுக்களவு 14 அங்குலம், உயரம் 2 அடி. பலகை, ஆணி எதுவும் சேர்க்காமல் அதையே உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுக்கி, மேலே அம்மாவின் கரிகிரி ஜாடியை வைக்க ஆசை. கையில் இருப்பது 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தட்டை இரும்பு) போட்ட பெட்ரோல் செயின்சா.

மேல்முகத்தை மட்டமாக அறுக்கப் போனால் வாள் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். போதாததற்கு, வாசல் வெயிலில் போட்டிருந்த கட்டையில் நடுவிலிருந்து ஓரம்வரை வெடிப்பு. ஒரு ரூபாய் நாணயம் நிமிர்ந்தபடி உள்ளே போகிறது. என்ன செய்யலாம்?

காட்பாடி மெக்கானிக்:
அறுக்கும்போது மாவு மாதிரித் தூளாகக் கொட்டுகிறதா, சீவலாக வருகிறதா? எங்காவது தீப்பொறி தெறித்ததா?

குடியாத்தத்துக்காரன்:
தூள்தான் அண்ணே. பொறியும் வந்தது. துணிக்கொடி கட்ட எந்தக் காலத்திலோ அடித்த ஆணி ஒன்று மரத்துக்குள்ளே புதைந்து இருந்திருக்கிறது.

காட்பாடி மெக்கானிக்:
அப்போ அதுதான். செயினில் இடம், வலம் என்று பற்கள் மாறி மாறி இருக்கும். ஆணியில் ஒரு வரிசை அடிபட்டால், கூர் மிச்சம் இருக்கிற பக்கமாக வாள் இழுக்கும். உங்களுக்கு வலப்பக்கம் ஓடுவதால் இடப்பக்கப் பற்கள்தான் மொட்டை. வெயிலில் பிடித்துப் பாருங்கள்: கூரான முனையில் வெளிச்சம் மின்னாது, மழுங்கிய முனையில் வெள்ளைக் கோடாகப் பளபளக்கும். இருப்பதிலேயே குட்டையான பல்லை அளந்து, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்கு உருட்டு அரத்தால் ராவ வேண்டும். அரத்தின் அளவு செயினின் பிட்சை, அதாவது கண்ணிகளின் இடைவெளியைப் பொறுத்தது, கண்டதை வாங்காதீர்கள். 30 டிகிரி சாய்வு, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளல். பல் குட்டையானால் அதன் முன்னால், எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துகிற திமிலையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்கணும், இல்லாவிட்டால் பல் மரத்தைக் கடிக்காது.

ராவிய பிறகும் இழுத்தால் குற்றம் பாரில். கழற்றி, தட்டையான கண்ணாடிமேல் விளிம்பில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் தண்டவாளம், அதாவது செயின் ஓடும் பள்ளத்தின் இருபக்க விளிம்பு, ஒருச்சாய்வாகத் தேய்ந்திருக்கிறது.

ஆற்காடு ஆசாரி:
தம்பி, வெடிப்புக்கு வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டோடு இருக்கிற உருண்டைக் கட்டை எங்காவது வாய் பிளந்தே தீரும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் அது வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

அதனால் வெடிப்பை நிறுத்தப் பார்க்காமல், அதற்கு ஒரு வழி கொடுங்கள். உங்கள் கட்டையில் வழி ஏற்கெனவே விட்டாகிவிட்டது. அந்த வெடிப்பின் மேலேயே மேலிருந்து கீழ்வரை, நடுத்தண்டைத் தொடும் ஆழத்துக்கு ஒரு வாள் வெட்டுப் போடுங்கள். இனி விரிவதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே விரியும். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டால் யார் கண்ணில் படப்போகிறது? பிறகு இரண்டு முனையிலும் மெழுகு உருக்கித் தடவி, காற்றாடும் நிழலில் வையுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும்.

வாலாஜா வாசகர்:
எபாக்ஸி பசை ஊற்றி அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே?

ஆற்காடு ஆசாரி:
பச்சை மரத்திலா? கட்டை இன்னும் சுருங்கும், எபாக்ஸி சுருங்காது. பக்கத்தில் புதிதாக ஒரு வெடிப்பு கிளம்பும். நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், எனக்கு அது அழகாகப் படாது என்பது வேறு விஷயம்.

குடியாத்தத்துக்காரன்:
நன்றி ஐயா. காய்கிறவரை இடுப்பு செதுக்கக் கூடாதா?

ஆற்காடு ஆசாரி:
இப்போதே செதுக்குங்கள். பலகைக்கே அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது கணக்கு, முழுக் கட்டையாகக் காத்திருந்தால் ஜாடி எப்போது ஏறுவது! இடுப்பு ஒடுங்கினால் உள்ளேயும் சீக்கிரம் காயும். மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள். மட்டம் அறுப்பது கடைசி வேலை.

காட்பாடி மெக்கானிக்:
கட்டையைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் ஆப்பு அடித்துவிட்டு ஆரம்பியுங்கள். சுற்றிலும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு, ஆழம் வேண்டிய அளவு. நடுவில் நிற்கும் சில்லுகளை உளியால் தட்டினால் பெயர்ந்து வரும். பாரின் வயிற்றுப் பகுதியால், அதாவது கீழ் விளிம்பால் மட்டும் அறுக்கவும். மூக்கின், அதாவது பார் நுனியின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்துக்கு நேராக எகிறும். கண்ணாடி, ஷூ இல்லாமல் கயிற்றை இழுக்காதீர்கள்.

ஆற்காடு ஆசாரி:
அடியை முழுசாக மட்டம் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் அரை அங்குலம் குடைந்து, விளிம்பில் மூன்று இடம் மட்டும் தரையில் படும்படி விடுங்கள். மூன்று கால் ஆடாது. அதை நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சுற்றிலும் கோடு போட்ட பிறகு மேல்முகத்தை அறுக்கலாம்.