மழை பெய்தால் சூடேறிய உலை

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஓர் ஆலையின் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தபோது நடந்தது. உலையின் புகைக்குழாயில் கே வகை தெர்மோகப்பிள்கள் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து வெப்பநிலை அளக்கும் உணரிகள்) மூன்று இருந்தன. இரண்டு 410 டிகிரி காட்டும்; மூன்றாவது மட்டும் 350. பிற்பகலில் இடியோடு மழை இறங்கினால் அது 390-க்கு ஏறிவிடும். மழைக்குச் சூடு குறையத்தானே வேண்டும்? உணரியை இரண்டு முறை மாற்றினோம். காட்டும் கருவியையும் மாற்றினோம். பயனில்லை.

தஞ்சாவூர்க்காரரான மூத்த ஊழியர் ஒருவர், "தம்பி, உணரியை விடு, கேபிளைப் பார்" என்றார். சட்டைப்பையிலிருந்து சிறிய காந்தம் ஒன்றை எடுத்துச் சிவப்பு உறைக்குள் இருந்த கம்பியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. "இது அலுமெல், காந்தம் ஒட்டும் நிக்கல் கலவை. இதுதான் எதிர்முனை."

அமெரிக்க நிறமுறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. மின்வேலை பழகிய கைக்கோ சிவப்பு என்றால் நேர்முனைதான். கேபிள் இழுத்தவர் இரு முனைகளிலும் அப்படியே மாற்றி இணைத்திருந்தார். ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் உலை சூடேற ஏற அளவு இறங்கும், உடனே பிடித்திருப்போம். இரண்டிலும் மாறினால் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் கேபிளும் உணரியைப் போலவே இரு உலோகங்களால் ஆனது; அதனால் உணரியின் இணைப்புப் பெட்டிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு இருமடங்காகக் கழிந்துவிடும். வெயிலில் பெட்டி 52 டிகிரி, குளிரூட்டிய அறை 22: பிழை 60. மழையில் பெட்டி 32-க்குத் தணிந்தால் பிழை 20. காகிதத்தில் போட்ட கணக்கு அப்படியே பொருந்தியபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஐரோப்பிய ஆலைகளில் காணும் பச்சை-வெள்ளை கேபிளும் இந்த மஞ்சள்-சிவப்பும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதைக் கேட்ட ஒருவர் சொன்னது: அண்ணே, எங்களையும் கேபிள்தான் அலைக்கழித்தது. மீன் வைக்கும் குளிர்கிடங்கு. அறை உண்மையில் −25 டிகிரி, கருவி காட்டியது −21. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடியது. உணரி பிடி-100, அதாவது பிளாட்டினத்தின் மின்தடை மாறுவதை வைத்து வெப்பநிலை அளப்பது. பூஜ்ஜிய டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம்; டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 ஓம் மாறும். இரண்டு கம்பி கேபிள் 30 மீட்டர் ஓடியது. கேபிளின் சொந்த மின்தடை ஒன்றரை ஓம் சேர்ந்ததால் நான்கு டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது. கேபிளின் மின்தடையைக் கருவியே கழித்துக்கொள்ளும்படி மூன்று கம்பி கேபிள் இழுத்து, கருவியையும் அதற்கேற்ப அமைத்தோம். அன்று இரவுதான் கம்ப்ரசர் நின்ற அமைதியை முதன்முறையாகக் கேட்டோம்.