புதுப்பிப்பு: கப்ஸ் அணி, கவுன்சல், டக்கர்

2024 டிசம்பரில் பேஸ்பால் வீரர் கைல் டக்கர் ஹூஸ்டன் அணியிலிருந்து சிகாகோ கப்ஸுக்கு வந்தபோது நான் எழுதியது இரண்டு விஷயம். ஒன்று, அணியின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர் மாதிரி) டேவிட் ராஸை நீக்கிவிட்டு 5 வருடத்துக்கு 4 கோடி டாலர் கொடுத்து கிரெய்க் கவுன்சலை மேனேஜராகக் கொண்டுவந்தது வீண், ஏனென்றால் ராஸின் கடைசி வருடமும் 83-79 (83 வெற்றி, 79 தோல்வி), கவுன்சலின் முதல் வருடமும் அதே 83-79. இரண்டு, டக்கர் டிரேட் (அணிகளுக்கு இடையே வீரர்களை மாற்றிக்கொள்வது) சரியானது.

இப்போது 2025 சீசன் முடிந்துவிட்டது. கவுன்சல் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. 92 வெற்றி, 2020-க்குப் பிறகு முதல் முறையாக ப்ளேஆஃப், அதில் சான் டியாகோவின் பாட்ரேஸ் அணியையும் வீழ்த்தினார்கள். அப்புறம் மில்வாக்கியிடம், அதாவது கவுன்சலின் பழைய அணியிடமே, ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றது இன்னும் வலிக்கிறது.

டக்கர் பற்றித்தான் மனது ஒரு நிலையில் நிற்கவில்லை. முதல் இரண்டு மாதம் பிரமாதமாக ஆடினார், ஜூனில் கையில் எலும்பு விரிசல், அதன்பின் பேட்டிங் மங்கியது, மொத்தம் 22 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி), சீசன் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. அந்த ஒரு வருடத்துக்காக பரேடெஸ், வெஸ்னெஸ்கி, அதோடு 2024 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த கேம் ஸ்மித்தையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தோம். ஸ்மித்தைக் கொடுத்திருக்கக் கூடாது என்றுதான் இன்று நினைக்கிறேன்.

உண்மையில் பெரிய லாபம் யாரும் அதிகம் பேசாத டிரேட்தான்: லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியிடமிருந்து வந்த மைக்கேல் புஷ், 2025 சீசனில் 34 ஹோம் ரன்!