லேப்டாப் மாட்டினால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது: பி28 இசியூவில் எமுலேட்டருக்கு மின்சாரம் போதவில்லையா?

கிள்ளான்_ஈஜி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். என்னுடையது 1993 சிவிக் ஈஜி. ஹாஃப்கட்டில் (பாதியாக வெட்டி விற்கும் பழைய காரில்) எடுத்த பி16ஏ எஞ்சின், பி28 இசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்). இசியூ வெளிச் சிப்பிலிருந்து புரோகிராமைப் படிப்பதற்கான 28 கால் சாக்கெட், 74எச்சி373 லாட்ச் சிப், ஜே1 ஜம்பர் எல்லாம் நானே சோல்டர் செய்தேன். டியூன் ஃபைலை 27சி256 மெமரி சிப்பில் எரித்து (பதிந்து) போட்டால் வண்டி அருமையாக ஓடுகிறது. அதே ஃபைலை எமுலேட்டரில் (சிப்புக்குப் பதிலாக ரிப்பன் கேபிளால் சாக்கெட்டில் மாட்டி, லேப்டாப்பிலிருந்து ஃபைலை மாற்றும் கருவி) ஏற்றினால்தான் தொல்லை.

சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்து இரண்டு வினாடியில் அணைகிறது, அதாவது புரோகிராமைப் படித்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது விளக்கு திரும்ப எரிகிறது, அப்புறம் அணைவதே இல்லை. லேப்டாப்பிலும் தொடர்பு அறுந்துவிடுகிறது. பத்துக்கு நாலு தடவை ஸ்டார்ட் ஆகும். ஆனாலும் சாலையில் பம்ப்பில் (வேகத்தடையில்) ஏறி இறங்கினால் செத்துப்போகிறது.

அளந்து பார்த்தவை: பேட்டரி 12.5 வோல்ட், சுற்றும்போது 9.9. சாக்கெட்டின் 28ஆம் காலில் (5 வோல்ட் வரும் கால்) 5.02. மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை. எமுலேட்டரே பழுதா?

பினாங்கு_இசியூ:
தம்பி, எமுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். அந்த 5.02-ஐ அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையை எங்கே வைத்தீர்கள்? பேட்டரி நெகட்டிவிலா, பாடியிலா, சாக்கெட்டின் கிரவுண்டு காலான 14ஆம் காலிலா?

சிப்புக்குத் தெரிவது 28க்கும் 14க்கும் நடுவில் உள்ள வோல்ட் மட்டுமே. கிரவுண்டு மேலே ஏறினாலும் அதற்கு வோல்ட் குறைந்த மாதிரிதான். கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில், சிவப்பை 14ஆம் காலில் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். மீட்டரில் மேக்ஸ் பட்டன் இருந்தால் அதை அழுத்திக்கொள்ளுங்கள், சாதாரணமாகப் பார்த்தால் அந்தக் கண நேர ஏற்றம் தெரியாது.

லேப்டாப் சார்ஜர் எங்கே மாட்டியிருக்கிறது?

ஈப்போ_வயர்மேன்:
மெயின் ரிலேயையும் பாருங்கள். வெயிலில் சூடானால் உள்ளே சோல்டர் விரிசல் விட்டு இசியூவுக்கு வரும் 12 வோல்ட்டையே வெட்டிவிடும். அந்தக் காலத்து ஹோண்டாவில் நான் நிறையப் பார்த்த கோளாறு. எரித்த சிப்பில் ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் ரிலே நல்லதுதான். ரிப்பன் கேபிளை இக்னிஷன் வயர் பக்கம் விடாதீர்கள்.

கிள்ளான்_ஈஜி:
அண்ணே, கறுப்பு முனை பாடியில்தான் இருந்தது. சார்ஜர் சிகரெட் சாக்கெட்டில், 12 வோல்ட்டில் நேராக ஓடும் கார் சார்ஜர். நீங்கள் சொன்னபடி அளந்தேன்: சார்ஜரோடு 0.42 வோல்ட். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டபோது லேப்டாப் தொடர்பு அறவில்லை, விளக்கு மட்டும் ஒருமுறை எரிந்தது.

பினாங்கு_இசியூ:
பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். இசியூவின் கிரவுண்டு தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில், அதாவது எஞ்சினில் பிடிக்கிறது. சார்ஜரின் கிரவுண்டு பாடியில். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது எஞ்சின் கிரவுண்டு வயர் பலவீனமாக இருந்தால் எஞ்சின் பாடியைவிட மேலே ஏறும். அந்த வித்தியாசம் முழுவதும் சார்ஜர் வழியாக உங்கள் யூஎஸ்பி கேபிளின் கிரவுண்டில் ஓடுகிறது. அதனால்தான் தொடர்பு அறுகிறது. எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம். பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் வயரின் லக் (முனை வளையம்), தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் உள்ள வளையம், இரண்டையும் கழற்றி உலோகம் மின்னும்வரை தேயுங்கள்.

பம்ப்பில் சாவது வேறு கதை. 14ஆம் கால் பலகையின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்தது, அது சூட்டை உறிஞ்சிவிடும். மற்ற காலுக்குக் கொடுத்த சூடு அதற்குப் போதாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கிள்ளான்_ஈஜி:
அண்ணே, கை கூப்புகிறேன். கியர்பாக்ஸ் லக்கின் அடியில் பெயிண்ட். எஞ்சின் இறக்கியபோது பெயிண்ட்டின் மேலேயே போல்ட் போட்டிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் வளையத்தில் வெள்ளைப் பொடி. தேய்த்த பிறகு 0.42 இருந்த இடத்தில் 0.05.

அப்புறம் இசியூவைத் திறந்தேன். 14ஆம் காலைச் சுற்றி ஈயம் மோதிரம் மாதிரி உருண்டு நிற்கிறது, காலோடு ஒட்டவே இல்லை! ரிப்பனை லேசாக ஆட்டினால் மோதிரத்துக்குள்ளேயே கால் அசைகிறது. சின்ன சிப்புக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், இழுக்க ரிப்பனும் இல்லை, அதனால் தப்பித்திருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி, ஃப்ளக்ஸ் தடவி, அகல முனை வைத்துத் திரும்பப் பிடித்தேன். இந்த முறை ஈயம் துளைக்குள் இறங்கியது கண்ணால் தெரிந்தது.

இன்று கோலசிலாங்கூர் போய் வந்தேன். இருபது தடவைக்கு மேல் ஸ்டார்ட் செய்தேன், பம்ப் ஒன்றையும் விடவில்லை. விளக்கு எரியவில்லை. எமுலேட்டரைத் திருப்பி அனுப்ப பெட்டி கட்டி வைத்திருந்தேன், பிரித்துவிட்டேன்.

பினாங்கு_இசியூ:
சந்தோஷம் தம்பி. டியூன் முடிந்ததும் சிப்பில் எரித்துப் போட்டுவிடுங்கள். ரிப்பனோடு தினமும் ஓட்ட வேண்டாம்.