கானா மேடைக்கு மிடி பேடா, ஆக்டோபேடா?

வியாசை_பேட்:
கானா மேடைன்னா ஆக்டோபேட், அதாவது குச்சியால அடிக்கிற எலக்ட்ரானிக் டிரம் பேட்தான்னு இருக்கிற பழக்கத்தை மாத்தணும். குச்சியில அடிச்சா டோலக் இடது கையோட அந்த இழுவை வராது. விரல் பேட் உள்ள மிடி கன்ட்ரோலர்ல (தனக்குள்ள சத்தம் இல்லாம, லேப்டாப்புக்கு சிக்னல் மட்டும் அனுப்புற கருவி) வரும். அடிச்ச விரலை எடுக்காம அழுத்துங்க, ஆஃப்டர்டச், அதாவது அடிச்சப்புறம் தர்ற அழுத்தத்தோட சிக்னல், போகும். லேப்டாப்ல டோலக் சத்தத்தை வாசிக்கிற சாம்ப்ளர் மென்பொருள்ல அதை பிட்ச்சோட (ஸ்ருதி) இணைச்சு, முழு அழுத்தத்துக்கு 3 செமிடோன் (அரை ஸ்வரம்) ஏற வைங்க. நிறைய கன்ட்ரோலர் சேனல் ஆஃப்டர்டச் மட்டும்தான் அனுப்பும், அதாவது பேடுக்குப் பேடு தனியா இல்லாம ஒரு மிடி சேனல் முழுசுக்கும் ஒரே அழுத்தம். எல்லா பேடும் ஒரே சேனல்ல இருந்தா வலது கை அடியும் சேர்ந்து வளையும். இடது கை பேடை 2-ஆம் சேனலுக்கு மாத்தி, அதுக்குத் தனி டிராக் போடுங்க. அழுத்தம் எந்தச் சேனல்ல போகுதுன்னு மிடி மானிட்டர்ல ஒரு தடவை பார்த்துக்குங்க.

மிக்சர்_ராயபுரம்:
சத்தம் நல்லாருக்கும் தம்பி, அதை மறுக்கல. மேடையில நிக்குமா? 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வச்சு அனுப்புற சத்தத் துண்டு) 512 சாம்பிள் வச்சா 10.7 மில்லிசெகண்ட் அதுக்கே போயிடும். இன்டர்ஃபேஸ் (லேப்டாப் சத்தத்தை மிக்சருக்கு அனுப்புற பெட்டி) எடுத்துக்கிறது தனி. வேக நடையில கை முன்னாடி ஓடும், சத்தம் பின்னாடி வரும். ஆக்டோபேட்ல இந்தத் தொல்லையே இல்ல.

வியாசை_பேட்:
512 ரெக்கார்டிங் முடிச்சு மிக்ஸ் பண்றப்போ வைக்கிறது அண்ணா. மேடைக்கு 128, அதாவது 2.7 மில்லிசெகண்ட். இன்டர்ஃபேஸ் கம்பெனியோட ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கிற மென்பொருள்) போட்டு, வைஃபையும் விண்டோஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டும் (சும்மா இருக்கிற யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கிற வசதி) அணைச்சிடணும். அப்பவும் படபடன்னு வெடிச்சா பஃபரை ஏத்தாதீங்க, லேப்டாப்ல ரிவர்ப் (எதிரொலி) பிளகினை எடுத்துட்டு மிக்சர்ல ரிவர்ப் கொடுங்க.

காசிமேடு_கீஸ்:
கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுற நேரத்துல ஆக்டோபேட் அணைஞ்சு திரும்ப எழும்பணும். லேப்டாப் பேட்டரியில நிக்கும், யுஎஸ்பியில கரண்ட் எடுக்கிற கன்ட்ரோலரும் இன்டர்ஃபேஸும் கூடவே நிக்கும். அது மிடி பக்கம். ஆனா சார்ஜர் செருகினதும் ஸ்பீக்கர்ல 'ம்ம்'னு இரைச்சல் வந்தா பிளக்கோட எர்த் பின்னை வெட்டாதீங்க, ஷாக் அடிச்சு உயிர் போற வேலை அது. இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் நடுவுல டிஐ பாக்ஸ்னு ஒரு சின்னப் பெட்டி போட்டு, ஆடியோ வயர்ல எர்த்தைப் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க.

எங்க பக்கம் உப்புக் காத்து கன்ட்ரோலர் நாபைச் (திருகுற குமிழ்) சாப்பிடும். தொடாமலே 63, 64, 63-னு மதிப்பு ஓடிக்கிட்டு இருந்தா உள்ள பாட் (திருகுறப்போ மதிப்பை மாத்துற பாகம்) அழுக்கேறிடுச்சுன்னு அர்த்தம். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தடவை திருப்புங்க. மேடையில தேவைப்படாத நாபுக்கு எந்த வேலையும் கொடுக்காதீங்க.

மிக்சர்_ராயபுரம்:
பேஸ் பாக்ஸ் பக்கத்து மேசையில விரல் பேடை வச்சா அதிர்வுலயே தானா அடிக்கும். அதைச் சொல்லலையே?

வியாசை_பேட்:
உண்மைதான். அடியில ஒரு இஞ்ச் ஃபோம் போடுங்க. திரெஷோல்டை (எவ்வளவு வேகமா அடிச்சா சத்தம் வரணும்ங்கிற அளவு) ஏத்துறது அதுக்கப்புறம்தான், ஏத்தினா மெல்லிய விரலடி காணாமப் போயிடும். யுஎஸ்பி வயரை ஸ்டாண்டு கால்ல ஒரு சுத்து சுத்திக் கட்டுங்க. யாராவது கால் தட்டினா இழுவை சாக்கெட்டுக்குப் போகாது.

மிக்சர்_ராயபுரம்:
ரோலண்ட் 1985-ல விட்ட முதல் ஆக்டோபேட், பேட்-8, அதுக்குள்ள சத்தமே கிடையாது. அதுவே வெறும் மிடி கன்ட்ரோலர்தான். அதனால மிடி மேல எனக்குக் கோபம் இல்ல. நடுப்பாட்டுல லேப்டாப் உறைஞ்சா என்ன பண்றதுங்கிறதுதான் என் கவலை. அதே கிட் (சத்தத் தொகுப்பு) ஏத்தின ஆக்டோபேட் ஒண்ணு பக்கத்துல நிக்கட்டும். மிக்சர்ல தனி சேனல், சத்தம் கூட்டுற ஃபேடர் கீழ. உறைஞ்ச நொடியில அதை ஏத்தணும்.

வியாசை_பேட்:
அதுக்குச் சரி. குச்சியை ஆக்டோபேட் மேலயே வைங்க, தேடக் கூடாது. ஆனா அன்னிக்கு இடது கை இழுவை இருக்காது, பாடுறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.