ரிங்லெட்டில் ஓடும் மைவி: குளிர் மாதங்களில் ஏர்கோன் போடாமலே விடலாமா?

தேயிலைமேடு:

வணக்கம். நாங்கள் கேமரன் மலை ரிங்லெட்டில் இருக்கிறோம். அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஓடுவது ஒரு பழைய மைவி காடி (கார்). அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் ஜனவரி வரைக்கும் இங்கே குளிர் விடாது. "இந்தக் குளிரில் ஏர்கோன் எதற்கு? பெட்ரோல்தான் வீண்" என்று அப்பா அந்தப் பொத்தானைத் தொடவே விடமாட்டார்.

அம்மாவை டாக்டரிடம் காட்ட மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கும்போதுதான் போடுவோம். லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டி வெக்கை தொடங்கியதும் போட்டால், முதலில் காயாத துணி நாற்றம் குப்பென்று வருகிறது. வளைவு ரோட்டில் ஏற்கெனவே தலைசுற்றும் அம்மாவுக்கு அதிலேயே குமட்டிவிடுகிறது. குளிர்ச்சியும் முன்போல் இல்லை. கீழே ஒரு கடையில் காட்டினோம். போனெட்டைத் திறந்த கையோடு "கேஸ் குறைந்துவிட்டது, ஏற்றிவிடலாம்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

கேஸ் ஏற்றினால் போதுமா? அப்பா சொல்வதுபோல் மாதக்கணக்கில் போடாமல் வைப்பது நல்லதா, கெடுதலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய போமன்:

தங்கச்சி, ஏற்றாமல் வந்தது நல்ல காரியம். நான் தாப்பாவில் ரொம்ப காலம் காடி ஏர்கோன் வேலை பார்த்தவன். மலையிலிருந்து இறங்கி வரும் காடிகளில் இதைத்தான் அடிக்கடி பார்த்தேன்.

ஏர்கோன் கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைப் பார்க்காமல் ஏற்றினால் கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும், காசும் போய்விடும்.

ஏன் கசிகிறது என்பதற்கு உங்கள் அப்பாவின் பழக்கமே காரணமாக இருக்கலாம். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் உள்பாகங்களை நனைப்பது கேஸோடு சேர்ந்து ஓடும் எண்ணெய்தான். பெல்ட் ஓடும் பக்கம் தண்டைச் சுற்றி, கேஸ் வெளியேறாமல் அடைக்கும் ஒரு சீல் இருக்கிறது. ஏர்கோன் ஓடினால் அந்த சீலுக்கு எண்ணெய் போகும். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் எண்ணெய் வடிந்து கீழே தங்கிவிடும், சீல் காய்ந்து இறுகும், அந்த வழியாகக் கேஸ் மெல்ல மெல்ல வெளியேறும். பனி பெய்கிற நாடுகளிலும் குளிர்காலத்தில் அவ்வப்போது ஏர்கோனை ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான். அங்கே வெளியே ரொம்பக் குளிர்ந்து உறைநிலைப் பக்கம் போய்விட்டால் பல காடிகளில் கம்ப்ரசர் தானாகவே ஓடாது. நம் கேமரன் மலையில் அந்தக் கவலை இல்லை. எந்த நாளும் போடலாம்.

வாரம் ஒருமுறை, பத்து நிமிடம். தானா ராத்தா வரைக்கும் போய்வரும் நேரமே போதும். போட்டதும் முன்னால் "டக்" என்று கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நம் ஊரில் விற்ற காடிகள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. அம்மாவுக்குக் குளிரும் என்றால் விசிறியைக் குறைத்து, குளிர்க் குமிழைப் பாதிக்குத் திருப்பிவிடுங்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆகும் பெட்ரோல் காசைக் கம்ப்ரசர் மாற்றும் செலவின் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

நாற்றம் வேறு விஷயம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்க்காயில் (அதுதான் கூலிங் காயில்) ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. வீடு வருவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்னால் ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, விசிறியை ஓடவிடுங்கள், காயில் காயும். பயணி பக்கத்துச் சிறு பெட்டிக்குப் பின்னால் காற்று பில்டர் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் இடம் மட்டும் இருக்கும், பில்டர் வைத்து வராது. அப்புறம் ஏர்கோன் ஓடும்போது காடிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் பயணி பக்கம் கால்மிதி ஈரமானால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

காய்கறி லோரி:

போமன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் ராத்திரியில் தாப்பா ரோட்டில் சரக்கு இறக்குகிறவன். மழைக்காலத்தில் ஏர்கோன் குளிருக்கு இல்லை, கண்ணாடிக்கு. ஆட்கள் ஏறி, நனைந்த குடை, சட்டையோடு உட்கார்ந்தால் உள்பக்கம் புகை பிடித்த மாதிரி மூடிக்கொள்ளும். துணியால் துடைத்துக்கொண்டே வளைவில் திரும்புவது ஆபத்து. ஏர்கோனைப் போட்டு, காற்றைக் கண்ணாடி பக்கம் திருப்பி, உள்காற்றே சுற்றும் பொத்தானை எடுத்துவிட்டு வெளிக்காற்றை விடுங்கள். ஏர்கோன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும்.

வெளிப்பக்கம் மூடினால் கதை தலைகீழ். கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்து, வெளியே இருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது. அப்போது வைப்பரை ஒருமுறை ஓட்டி, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட வேண்டும். எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தேயிலைமேடு:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் டார்ச் எடுத்துக்கொண்டு தானே போனெட்டைத் திறந்தார். கம்ப்ரசர் முகப்பில், கிளட்சுக்குப் பின்னால், கருப்பாக எண்ணெய்க் கறை. அதில் தூசி ஒட்டிப் பிசுபிசு என்று இருக்கிறது. சீல் போய்விட்டதா? இங்கே மலையிலேயே தெரிந்தவர் ஒருவர் அழுத்த மீட்டர் வைத்துக் கேஸ் ஏற்றித் தருகிறேன் என்கிறார்.

பழைய போமன்:

அப்பா சரியான இடத்தில்தான் டார்ச் அடித்திருக்கிறார். கேஸ் கசியும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும், அதனால் அந்தக் கறை சீலைத்தான் காட்டுகிறது. இருந்தாலும் கடையில் கேஸோடு சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள், குழாய் மூட்டிலும் கசிவு இருக்கலாம்.

மீட்டரை மட்டும் நம்பி மலையில் ஏற்ற வேண்டாம். உங்கள் காடியில் ஆர்134ஏ கேஸ்தான் இருக்கும். காடி அணைந்து நிற்கும்போது அதன் அழுத்தம் 20 டிகிரியில் 68 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் நிற்கும், 32 டிகிரியில் 100 தாண்டும். இரண்டிலும் கேஸ் அளவு ஒன்றுதான். ஓடும்போதும் குளிரான இடத்தில் முள் தாழ்வாகவே காட்டும். தாப்பா வெயிலில் பழகிய கண்ணுக்கு அது குறைவு என்று தோன்றும், மேலே மேலே ஏற்றுவார்கள். நீங்கள் கீழே இறங்கி வெயிலில் ஓட்டும்போது அழுத்தம் எகிறி, குளிரும் போய், கம்ப்ரசரும் திணறும்.

போனெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். சீலையோ கம்ப்ரசரையோ மாற்றியபின், வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, அந்தக் கிராம் கணக்கில் தராசு வைத்து ஏற்றச் சொல்லுங்கள். குறைந்த எண்ணெயையும் ஈடுகட்டச் சொல்லுங்கள், அதை நிறைய பேர் மறந்துவிடுவார்கள். தராசு இல்லை என்று சொல்லும் கடையில் நிற்காதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள்.