ஊரில் நிற்கும் பழைய பைக்: சோக்கை எடுத்தால் ஆஃப் ஆகிறது. எல்லாம் எத்தனாலா?

மாயூரத்தான்:
வணக்கம். வண்டி 2012 மாடல், 125 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்தது. மயிலாடுதுறை வீட்டில் கொல்லைப்பக்கம் தகரக் கொட்டகையில் நிற்கிறது. எனக்கு ஓசூரில் வேலை. தீபாவளி, பொங்கல் என்று வரும்போது ஓட்டுவதோடு சரி. அப்பா கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டியைத் தொடுவதில்லை.

இந்த முறை வந்து கிக்கரை உதைத்தால் இருபது உதைக்கு ஒருமுறைதான் பிடிக்கிறது. சோக் போட்டால் ஓடும், எடுத்தால் ஆஃப். ஆக்சிலரேட்டரை விட்டால் ஸ்லோவில் ஓடவே ஓடாது. சைடு ஸ்டாண்டில் போட்டால் கார்புரேட்டர் டியூப் வழியாகப் பெட்ரோல் சொட்டுகிறது. மெயினில் எப்படியோ ஓடுகிறது, ரிசர்வுக்குத் தள்ளினால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது.

மெக்கானிக் இரண்டு முறை கார்புரேட்டர் கழுவி, புது பிளக்கும் போட்டார். மூன்றாவது முறை போனபோது, "எத்தனால் பெட்ரோல் தம்பி, நாங்க என்ன பண்றது" என்று கையை விரித்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமா, டேங்கில் ஊற்றும் மருந்து பாட்டில் ஒன்று வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா, இல்லை வண்டியையே விற்றுவிடலாமா?

சும்மா படிக்கிறவன்:
வித்துடுங்க சார். பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அதான் கரும்பு, தானியத்துல எடுக்கிற ஆல்கஹால், கலந்ததிலிருந்து பழைய வண்டிகளுக்குக் கெட்ட காலம்தான். பவர் பெட்ரோல் போட்டா தப்பிக்கலாம்னு சொல்றாங்க.

ஸ்பேனர் அண்ணாச்சி:
தம்பி, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பொறுங்க. பவர் பெட்ரோல்னு பேர் இருந்தா எத்தனால் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அந்தக் காசுக்கு டியூப் மாத்திடலாம்.

நீங்க சொன்னதுல எனக்கு மூணு கோளாறு தெரியுது. மூணுக்கும் ஒரே பேர் வச்சதுதான் தப்பு.

முதல்ல ரிசர்வ். மெயின்ல போகும்போது பெட்ரோல் காக்குக்குள்ள நிக்கிற குழாய் வழியா, கொஞ்சம் மேல இருந்து பெட்ரோல் இறங்கும். ரிசர்வ்ல அடிமட்டத்துல இருந்து இறங்கும். அதனால அடியில இருக்கறது பெட்ரோல் இல்லை, தண்ணிதான்னு எனக்குத் தோணுது. பார்க்கிற வழி சொல்றேன். இன்ஜின் ஆறினப்புறம், திறந்த வெளியில, காக்கை ரிசர்வ்ல வச்சு ஒரு கண்ணாடி பாட்டில்ல அரை லிட்டர் பிடிங்க. அடுப்பு, சாம்பிராணி எதுவும் பக்கத்துல கூடாது. மூடி வச்சு காலையில பாருங்க. ரெண்டு அடுக்கா பிரிஞ்சிருந்தா மருந்து பாட்டில் எல்லாம் வேலைக்கு ஆகாது. எந்த மருந்தும் பிரிஞ்சதைச் சேர்க்காது.

ரெண்டாவது, சொட்டுறது. கார்புரேட்டர்ல போதுமான பெட்ரோல் வந்ததும் வரத்தை அடைக்கிற ஊசிதான் ஃப்ளோட் நீடில், அதோட முனையில சின்ன ரப்பர் இருக்கும். பழைய ரப்பர் எத்தனால்ல ஊறி உப்பிடும், அப்புறம் சரியா அடைக்காது. இதுல எத்தனாலுக்குப் பங்கு இருக்கு, ஒத்துக்கறேன். உங்க வண்டி வந்த காலத்துல எத்தனால்னு பேருக்குத்தான் இருந்தது. 2013-14-ல கூட நாடு முழுக்கச் சராசரி கலப்பு 1.5 சதவீதம். 2022 ஜூன்ல 10 ஆச்சு, 2025-ல 20. அந்த ரப்பர் இதுக்குன்னு செஞ்சது இல்லை.

மூணாவது ஸ்லோ. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கு. அதனால அதே ஜெட்டுல (பெட்ரோல் வர்ற சின்ன துவாரம்) கலவை மெலிஞ்சுடும், அதாவது காத்து கூடி பெட்ரோல் குறைஞ்ச மாதிரி ஆகிடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில சென்சார் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஆனா 10-ல இருந்து 20-க்கு வந்ததுல மெலியறது நாலு சதவீதம் மாதிரிதான். கார்புரேட்டர்ல இருக்கிற கலவை ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினா சரியாகிற விஷயம். வண்டியே நிக்குதுன்னா சின்ன ஜெட்டுல காய்ஞ்ச பெட்ரோல் பிசின் மாதிரி அடைச்சிருக்கு. கழுவினேன்னு சொன்னவர் அந்த ஜெட்டைக் கழட்டினாரான்னு கேளுங்க.

ஹேட்ச்பேக் வாத்தியார்:
இடையில் ஒரு சந்தேகம் சார். எனக்கு 2017 கார். லிட்டருக்கு 17 கொடுத்தது, இப்போது 16-க்கும் கீழே. பள்ளியில் சக ஆசிரியர் ஒருவர் தனக்கு நாலில் ஒரு பங்கு மைலேஜ் போய்விட்டது என்கிறார். இது சாத்தியமா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
கணக்கு நீங்களே போடலாம் வாத்தியாரே. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கிற சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான். அப்போ 20 சதவீதம் கலந்தா சுத்த பெட்ரோலைவிட ஆறு, ஏழு சதவீதம் குறையும். மத்திய அரசோட நிதி ஆயோக் 2021-ல போட்ட அறிக்கையிலயும், 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் பண்ணின பழைய கார்களுக்கு 6-7 சதவீதம், பைக்குகளுக்கு 3-4 சதவீதம் மைலேஜ் குறையும்னு இருக்கு. உங்க ஒரு கிலோமீட்டர் அதுக்குள்ள அடங்கிடும். நாலுல ஒரு பங்கு போச்சுன்னா டயர் காத்து, ஏர் ஃபில்டர், பிரேக் பிடிச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

ஹேட்ச்பேக் வாத்தியார்:
சக்தி குறைந்தால் விலையும் அந்த அளவுக்குக் குறைய வேண்டாமா? அதை மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஸ்பேனர் அண்ணாச்சி:
அதுக்கு என்கிட்ட ஸ்பேனர் இல்லை.

நைட் ஷிப்ட்:
நான் பங்க்ல வேலை பார்க்கிறேன். எத்தனாலை பங்க்ல யாரும் கலக்கறது இல்லை, டெப்போல கலந்துதான் லாரி வரும். எங்களுக்குப் பயமே தரைக்கடி டேங்க்ல மழைத்தண்ணி இறங்கறதுதான். அதனால தினமும் காலையில டிப் ராடுல பேஸ்ட் தடவி இறக்கிப் பார்ப்போம், தண்ணி பட்டா நிறம் மாறும். சந்தேகம் இருந்தா ஃபில்டர் பேப்பர் டெஸ்ட், டென்சிட்டி, 5 லிட்டர் அளவு மூணையும் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. கேட்டா சில இடத்துல முறைப்பாங்க, விடாதீங்க. ஆனா மாசக்கணக்கா நின்ன வண்டின்னா முதல்ல உங்க டேங்க் மூடியைப் பாருங்க சார்.

மாயூரத்தான்:
பாட்டில் முடிவு: காலையில் பார்த்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக ஒரு அடுக்கு, மேலே தெளிந்த பெட்ரோல். படுக்கவைத்து நிமிர்த்தினாலும் தனியாகவே வந்து நிற்கிறது. இவ்வளவு தண்ணீர் எப்படிப் போயிருக்கும்? காற்றின் ஈரமா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
அது முழுக்கத் தண்ணி இல்லை தம்பி. எத்தனால் கொஞ்சம் தண்ணியைத் தன்னோட கரைச்சு வச்சுக்கும். அஞ்சு லிட்டர்ல சில பத்து மில்லி வரைக்கும் வெளியே தெரியாது, இன்ஜின்ல போய் ஆவியாயிடும். அந்த விதத்துல அது நல்லதுதான். அளவு மீறினா தண்ணி எத்தனாலையும் கூட இழுத்துக்கிட்டு அடியில இறங்கிடும், மார்கழிக் குளிர்ல இன்னும் சீக்கிரம். அதனால போன தண்ணியைவிட அடுக்கு பெருசாத் தெரியும். வெறும் ஈரக்காத்துல இவ்வளவு சேராது, மழைதான். மூடியைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல விழற தண்ணி வெளியேற ஒரு ஓட்டை இருக்கும். அதைக் கம்பி விட்டுப் பாருங்க.

மாயூரத்தான்:
குளவி கூடு! ஓட்டை முழுக்க மண். மூடி வாஷரும் வெடித்திருந்தது. கொட்டகைத் தகரத்தில் நேராக அதற்கு மேலேயே ஓர் ஒழுகல். அப்பா அந்த இடத்தில் வாளி வைத்திருந்தாராம், போன முறை நான் வண்டியை அங்கே விட்டபோது அவர் வாளியை நகர்த்தியிருக்கிறார்.

டேங்கை முழுக்க இறக்கிக் கழுவினோம். வேறு மெக்கானிக்கிடம் போய் நீடில், டியூப், வாஷர் மாற்றி, சின்ன ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். எல்லாம் சேர்த்து எழுநூறுக்குள் முடிந்தது. மூன்றாவது உதையில் பிடிக்கிறது, சொட்டு நின்றுவிட்டது. ஸ்லோ மட்டும் சூடாகும் வரை லேசாகத் தடுமாறுகிறது.

ஞாயிறு கிளம்புகிறேன். டேங்கைக் காலியாக விடுவதா, நிரப்புவதா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
கலவை ஸ்க்ரூவை இன்ஜின் சூட்டுல வச்சு கால் சுத்து கால் சுத்தா அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க. சில கார்புரேட்டர்ல அது காத்து ஸ்க்ரூ, சிலதுல பெட்ரோல் ஸ்க்ரூ, திருப்புற திசை நேரெதிர். தெரியாம நீங்களே கை வைக்காதீங்க.

இரும்பு டேங்க் காலியா நின்னா உள்ளே துரு ஏறும். கழுத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ரொப்பிடுங்க, காத்துக்கு இடம் குறையும். காக்கை அடைச்சிட்டு, அடியில இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி கார்புரேட்டர் பவுலைக் காலி பண்ணுங்க. அந்தச் சின்ன கிண்ணத்துல இருக்கிறதுதான் முதல்ல காய்ஞ்சு ஜெட்டை அடைக்கும். யாராவது வாரம் ஒருமுறை அஞ்சு கிலோமீட்டர் ஓட்டினா இது எதுவும் வேண்டாம். இறக்கின பழசை வண்டியில திரும்ப ஊத்தாதீங்க, எத்தனால் பிரிஞ்ச மேல் பெட்ரோல்ல ஆக்டேனும் (தட்டாம எரியற தன்மை) குறைஞ்சிருக்கும், இன்ஜின் தட்டும்.

மாயூரத்தான்:
ரொப்பியாகிவிட்டது. தகரத்துக்கும் ஒட்டுப் போட்டாச்சு. சாவியைப் பக்கத்து வீட்டு மாமாவின் மகனிடம் கொடுத்து, வாரம் அஞ்சு கிலோமீட்டர் போதும் என்றேன். அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் பொங்கல் வரை அந்தப் பெட்ரோல் பழசாக வாய்ப்பே இல்லை.