மிஸ்ட்: ஆறாவது சிவப்புத் தாளை வைத்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது, எங்கே தவறு?

கேள்வி
1993இல் வந்த பழைய கணினிப் புதிர் விளையாட்டு மிஸ்ட். நூலகத்தில் கிடந்தது ஒன்று, செலனிட்டிக், ஸ்டோன்ஷிப், மெக்கானிக்கல், சானல்வுட் உலகங்களில் தலா ஒன்று என ஐந்து சிவப்புத் தாள்களையும், சிவப்புப் புத்தகத்துக்குள் அடைபட்டிருக்கும் சிரஸிடம் சேர்த்தாயிற்று. கணப்படுப்புக்குள் இருக்கும் கடைசித் தாளையும் கொண்டுவா, பச்சைப் புத்தகத்தை மட்டும் தொடாதே என்கிறான். கொண்டுபோய் வைத்தால் அவன் வெளியே, நான் புத்தகத்துக்குள். நீலத் தாள்களை நீலப் புத்தகத்தில் இருக்கும் அகெனாரிடம் சேர்த்தாலும் இதே கதிதானா?

பதில் 1
அதே கதிதான். அண்ணன் தம்பி இருவருமே பொய் சொல்கிறார்கள். தொடாதே என்று இருவரும் ஒரே குரலில் சொல்லும் பச்சைப் புத்தகத்தில் இருப்பவர் அவர்களுடைய அப்பா ஏட்ரஸ். அவரிடம்தான் போக வேண்டும், ஆனால் வெள்ளைத் தாளோடு. வெறுங்கையோடு போனால் அவரோடு சேர்ந்து நீங்களும் அங்கேயே அடைபட்டுவிடுவீர்கள்.

கடைசித் தாளை வைப்பதற்கு முந்தைய சேவ் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும் தீவில் மார்க்கர் சுவிட்ச் (கம்பத்தில் இருக்கும் நெம்புகோல்) மொத்தம் 8: படகுத்துறை, பெரிய பற்சக்கரங்கள், கோளரங்கம், தூண்கள் சூழ்ந்த குளம், ராக்கெட், செங்கல் கட்டடம், மரக்குடில், மணிக்கூண்டு. எட்டையும் மேலே தள்ளிவிட்டு, படகுத்துறையில் இருப்பதை மட்டும் கடைசியாகக் கீழே இறக்குங்கள். அந்தச் சுவிட்ச் கம்பத்திலேயே சிறு கதவு திறக்கும். வெள்ளைத் தாள் அதற்குள் இருக்கிறது.

பிறகு நூலகம். நடுத் தட்டின் வலது ஓரப் புத்தகத்தில் 158ஆம் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். கணப்படுப்புக்குள் நுழைந்து பொத்தானை அழுத்தினால் தகடு இறங்கும். அதில் 48 கட்டங்கள். வடிவத்தை அப்படியே பதித்து மறுபடி அழுத்துங்கள்.

பதில் 2
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று, பலர் சறுக்குவதும் அங்கேதான். கையில் ஒரே ஒரு தாள்தான் நிற்கும். கணப்படுப்பின் மறுபக்கம் பச்சைப் புத்தகத்தோடு சிவப்புத் தாளும் நீலத் தாளும் கிடக்கும். ஆசைப்பட்டு அதில் ஒன்றைக் கிளிக் செய்தால் வெள்ளைத் தாள் கையை விட்டுப் போய்விடும். நேராகப் பச்சைப் புத்தகத்தைத் திறங்கள், ஏட்ரஸ் பேசுவதைக் கேளுங்கள், அந்தப் படத்தையே தொடுங்கள்.

கேள்வி கேட்டவர்
மணிக்கூண்டுக்குப் போக வழியே இல்லையே, நடுவில் தண்ணீர். இன்னொன்று: இவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று விளையாட்டுக்குள் துப்பு எதுவும் உண்டா, அல்லது கண்மூடித்தனமாக மாட்ட வேண்டியதுதானா?

பதில் 2
கரையில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். பெரியது நிமிட முள், சிறியது மணி முள். 2:40 வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். தண்ணீருக்குள்ளிருந்து பற்சக்கரங்கள் எழும்பிப் பாலமாக நிற்கும்.

பதில் 3
துப்பு நிறையவே உண்டு. மெக்கானிக்கல் உலகத்தில் இருவருக்கும் ரகசிய அறைகள் இருக்கின்றன. சிரஸின் அறையில் பதுக்கி வைத்த பொன். அகெனாரின் அறையில் மின்சாரம் பாய்ச்சும் கூண்டு. அங்கிருக்கும் பெட்டியைத் திறந்தால் வெட்டிய தலை. வெள்ளைத் தாளுக்கு வழி சொல்லும் குறிப்பும் இரண்டாகக் கிழிந்து ஸ்டோன்ஷிப்பிலும் சானல்வுட்டிலும், இவர்களுடைய அறைகளில்தான் கிடக்கிறது. இழுப்பறைகளையும் விடாமல் திறந்து பார்ப்பவருக்கே அது கிடைக்கும்.

பொல்லாத இடம் தொடக்கத்திலேயே வருகிறது. படகுத்துறை அறையின் கருவியில் 08 போட்டால், ஏட்ரஸ் தன் மனைவி கேத்தரினுக்கு விட்டுச்சென்ற செய்தி ஓடும். நூல்களை எரித்தது மகன்களில் ஒருவன், அகெனார் மேல்தான் சந்தேகம் என்கிறார். உடனே நம் மனம் 'அப்படியானால் சிரஸ் நல்லவன்' என்று முடிவு கட்டிவிடுகிறது. இரண்டு நிறம் கொடுத்தால் இரண்டில் ஒன்று சரியாக இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையே இந்த விளையாட்டை உருவாக்கிய ராண்ட் மில்லரும் ராபின் மில்லரும் பொறியாக வைத்திருக்கிறார்கள். எந்த விளையாட்டிலும் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

158 எப்போதும் மாறாது. அதனால் ஒரு உலகத்துக்கும் போகாமல், ஒரு தாளையும் சேர்க்காமல், தீவிலேயே சில நிமிடங்களில் ஆட்டத்தை முடித்துவிடலாம். வேண்டியதெல்லாம் முதலிலிருந்தே கண்ணெதிரே இருந்தது.

ஏட்ரஸிடம் தாளைக் கொடுத்த கையோடு வெளியேறிவிடாதீர்கள். நூலகத்துக்குத் திரும்பி, சிவப்பும் நீலமும் இருந்த இடத்தைப் பாருங்கள். புத்தகங்கள் இருக்காது, கருகிய தடம் மட்டும் இருக்கும்.